மூன்றாவது ஹெட்டு

"இதுவும் போச்சுன்னா நீயும் போயிரு" என்றார் போடி ஏலக்காய்க் கடை முதலாளி திருப்பதி.

எங்கே என்று சுருளிவேல் கேட்கவில்லை. மலைக்குத்தான். போடிமெட்டுக்கு மேலே முதலாளியின் தோட்டத்தில் ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோருக்கு. மழைக்காலத்தில் அங்கே பாதத்தில் ஏறுகிற அட்டை இடுப்பு வரை விசாரித்துவிட்டுத்தான் இறங்கும். அட்டையைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ராசிங்காபுரத்து மொக்கையன் பொறுத்துக்கொள்ள மாட்டார். தன் மகள் அன்னக்கொடியைத் தை மாதம் கட்டிக்கொடுக்க அவர் சம்மதித்ததே, 'மாப்ளே போடியில கம்ப்யூட்டர்ல சோலி பாக்குறாரு' என்று ஊரெல்லாம் சொல்லிக்கொள்ளத்தான்.

கம்ப்யூட்டர் சமர்த்தாகத்தான் இருந்தது. கூட வந்த பிரிண்டர்தான் உயிரை வாங்கியது. அதற்குள் தீப்பெட்டி அளவில் ஒரு ஹெட்டு. அதுதான் ஓடி ஓடி, ஊசிகளால் ரிப்பனில் தட்டிப் புள்ளி புள்ளியாக எழுத்தைப் பதிக்கும். பக்கத்து அறையில் பெண்கள் ஏலக்காய் சலிக்கிற தூசியில் முதல் ஹெட்டு செத்தது. இரண்டாவதைக் கொன்றது சுருளிவேலேதான். ரிப்பன் காய்ந்துவிட்டதே என்று இரக்கப்பட்டுத் தேங்காய் எண்ணெய் தடவினான். எண்ணெயில் தூசி குழைந்து, உள்ளே போன ஊசிகள் வெளியே வரவே இல்லை.

மதுரை மெக்கானிக் பால்பாண்டி மூன்றாவது ஹெட்டை மாட்டிவிட்டு எச்சரித்தான்.

"அண்ணே, உள்ள முடி கணக்கா ஊசி இருக்கு. தூசி ஆகாது, எண்ணெய் ஆகாது. விடாம அடிச்சாச் சூடேறும். கார்பனை அடுக்கி வச்சு அடிச்சா ஊசி முறியும். இனி ஒண்ணு வேணும்னா பம்பாய்லருந்துதான் வரணும்."

"இதைக் கழட்டுறது எப்படிப்பா?" என்றார் முதலாளி.

"ரெண்டு கொக்கிதான் முதலாளி. தள்ளுனாக் கையோட வந்துரும்."

"தங்கம் கணக்காப் பாத்துக்கிறணும்னு சொல்லு."

"அதை என்கிட்ட விடுங்க முதலாளி" என்றான் சுருளிவேல். தைரியத்துக்கு மட்டும் அவனிடம் என்றைக்குமே பஞ்சம் வந்ததில்லை.

மறுநாள் காலையிலேயே பிரிண்டரின் மேல் பிளாஸ்டிக் தாளைப் போட்டு, அதன்மேல் மலைக் கம்பளியையும் போர்த்தினான். அடித்தால்தானே தேயும்? அடிக்காவிட்டால்? அட, இத்தனை நாள் இது தோன்றாமல் போயிற்றே! தாலி கட்டுகிறவரை கம்பளியைத் தூக்குவதில்லை என்று முடிவு செய்தான். அன்றைய ஏலப் பட்டியல் சின்னதுதான். கதவைச் சாத்திக்கொண்டு, மிஷின் அடிப்பது போலவே இங்கிலீஷ் எழுத்துகளைப் புள்ளி புள்ளியாகப் பேனாவால் வைத்தான்.

"என்னப்பா, சத்தத்தையே காணோம்?" என்று வெளியிலிருந்து முதலாளியின் குரல் கேட்டது.

சுருளிவேல் ஏலக்காய்ச் சல்லடை ஒன்றை மடியில் வைத்துச் சீப்பால் இழுத்தான். கிர்ர்... கிர்ர்ர்...

"ஓடுது முதலாளி! உள்ள வராதீக, தூசி வந்துரும்!"

பட்டியலைக் கையில் வாங்கிய முதலாளி அதையே வெகுநேரம் பார்த்தார்.

"நெசமாவே மிஷின்தான் அடிச்சுச்சா?"

"பின்னே நானா அடிச்சேன்?"

"அடேயப்பா! இது சாமானியப்பட்ட மிஷின் இல்லப்பா" என்று நெஞ்சில் கை வைத்தார் முதலாளி.

அவர் அந்த அதிசயத்தோடு நின்றிருந்தால் தேவலை. பஜார் முழுக்கச் சொல்லிவிட்டார். மற்ற வியாபாரிகளும் தங்கள் பட்டியலோடு வந்து வரிசையில் நின்றார்கள். "மிஷின் சும்மாதானே கெடக்கு, அடிச்சுக் குடுப்பா." மறுத்தால் ஹெட்டு போய்விட்டது என்று பேச்சு கிளம்பும். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டான். சீப்பில் பாதிப் பல் போயிற்று.

அப்போதுதான் மொக்கையன் கல்யாணப் பத்திரிகைக் கட்டோடு வந்து இறங்கினார்.

"மாப்ளே, பொட்டிபுரத்துச் சொந்தம் ஒண்ணு விடாம எல்லாக் கவர்லயும் பேரு கம்ப்யூட்டர்லதான் விழுகணும்."

"அதுக்கென்ன மாமா, வெரசா அடிச்சிருவோம்!"

சொல்லும்போது கம்பீரமாகத்தான் சொன்னான். கவர்கள் முடிவதற்குள் மணிக்கட்டு வீங்கித் துணிக்கட்டு ஏறியது. கதவு இடுக்கில் மாட்டிக்கொண்டது என்று எல்லாரிடமும் சொல்லி வைத்தான். சோறு பிசையும்போதுகூட விரல் இலையைக் குத்திக் குத்தி எடுத்தது. பாவம், அன்னக்கொடிக்காக இதையும் தாங்கினான்.

கவர்களை வாங்க வந்த மொக்கையனுக்கு ஓர் ஆசை வந்தது. "அது அடிக்கிறதை ஒருக்கா கண்ணால பாத்துட்டுப் போறேன் மாப்ளே."

சோதனை பார்க்க வந்த பால்பாண்டியும் அன்றைக்கு அங்கேதான் இருந்தான். முதலாளியும் வந்து நின்றார். சுருளிவேல் கொஞ்சமும் அசரவில்லை. உள்ளே இருப்பது புத்தம்புது ஹெட்டு, அடிபடாத ஹெட்டு. வெண்ணெய் மாதிரி ஓடாதா என்ன?

"எல்லாரும் தள்ளி நின்னு பாருங்க" என்று கம்பளியை உருவி சுவிட்சைப் போட்டான்.

மிஷின் இங்கும் அங்கும் ஓடியது. தாள் வெள்ளை வெளேரென்று வெளியே வந்தது.

பால்பாண்டி மூடியைத் தூக்கிப் பார்த்தான். "அண்ணே, ஹெட்டு எங்கண்ணே?"

ஹெட்டு இருந்த இடம் காலியாக இருந்தது. சுருளிவேலுக்கு அட்டைகள் இப்போதே காலில் ஏறுவது போலிருந்தது.

"ஐயையோ, களவு போயிருச்சே! முதலாளி, சத்தியமா நான் அதைத் தொட்டதே இல்ல!"

முதலாளி அதைக் காதில் வாங்கவே இல்லை. "தெனம் அடிச்ச மிஷின் இன்னைக்கு மட்டும் ஏன் அடிக்க மாட்டேங்குது?" என்று தலையைச் சொறிந்தார்.

பின்கட்டு வீட்டிலிருந்து காப்பி கொண்டுவந்த முதலாளியின் மனைவி சந்திரவல்லி, தம்ளர்களை மேசைமேல் வைத்தாள்.

"ஹெட்டா? மெக்கானிக்கு மாட்டிட்டுப் போன அன்னைக்கே இவுக கழட்டிட்டு வந்து என் நகைப்பெட்டியில பூட்டிட்டாகளே. அது இல்லாமயே இம்புட்டு நாளா மிஷின் நல்லாத்தான அடிச்சுச்சு?"

எல்லார் பார்வையும் மெல்ல நகர்ந்து சுருளிவேலின் துணிக்கட்டில் வந்து நின்றது. மொக்கையன் தன் கையிலிருந்த கவரைப் பார்த்தார். பிறகு மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, மை ஏறிக் கறுத்த விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் மீசை துடித்தது. சிரிப்பை அடக்குகிறார் என்று தெரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று.

"மாப்ளே, இந்த ஹெட்டையாவது தேயாமப் பாத்துக்கிருங்க. தையில தாலி கட்டணும்ல!"