அடுப்படி மன்னா

பொறுமையைப் பற்றிப் பேச உட்காரும்போதுதான் ஞானதுரைக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். தினம் காலை ஆறு மணிக்கு, ஹைதராபாத் மல்காஜ்கிரி வீட்டின் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு, ஃபோனை வாய்க்கு நேரே பிடித்து, "கிறிஸ்துவுக்குள் பிரியமானவர்களே" என்று குரலைத் தேனில் தோய்த்து ஆரம்பிப்பார். அந்த நேரம் பார்த்துச் சமையலறையில் மிக்ஸி ஓடும். கதவை எட்டி உதைத்துத் திறந்து, அந்த மிக்ஸியின் ஏழு தலைமுறையையும் திட்டிவிட்டு வந்து உட்காருவார். அப்புறம் மறுபடி தேன். "ஆண்டவர் நமக்கு நீடிய பொறுமையைத் தந்திருக்கிறார்."

பேகம்பேட்டில் லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனி ஒன்றில் அவர் மேற்பார்வையாளர். பகல் முழுக்க மற்றவர்களை ஏற்றி இறக்குகிற மனுஷன், சாயங்காலம் ஹப்சிகுடா சிக்னலில் முக்கால் மணி நேரம் அசையாமல் நிற்பார். அங்கே சேர்ந்த கோபத்தை அப்படியே ஹெல்மெட்டோடு வீட்டுக்குக் கொண்டுவந்து இறக்குவார். இறக்கியதைக் காலையில் வேதபாடமாக்கிச் சபையின் வாட்ஸ்அப் குழுவில் ஏற்றுவார். தலைப்பு, வானத்திலிருந்து விழுந்த வேத அப்பத்தின் பெயரில், 'அடுப்படி மன்னா'. ஒரு தடவை பால் பொங்கி வழிந்ததை வைத்து நாலு நிமிஷம் பேசினார். போதகர் மெச்சினார். அன்றோடு வீட்டுக்குச் சனி பிடித்தது.

தோசை கல்லில் ஒட்டினால், விடாமல் ஒட்டும் பாவம். மனைவி லீலா சேலை மடிப்பு வைக்க நேரமாக்கினால், விளக்குக்கு எண்ணெய் இல்லாமல் தூங்கிப்போன வேதாகமக் கன்னிகை. கல்லூரிக்குப் போகும் மகள் கெசியா பெட்ரோல் போடாமல் ஸ்கூட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தால், கெட்ட குமாரத்தி. இதுவரை போன நூற்றிருபது செய்தியிலும் தப்பே செய்யாத ஆள் ஒருவர்தான். அவர் மட்டும் எல்லாச் செய்தியிலும், "நான் அமைதியாகப் புன்னகைத்தேன்" என்று வருவார். அந்தப் புன்னகையை வீட்டில் யாரும் பார்த்ததில்லை.

கோயிலில் பெண்கள் ஐக்கியத்து அன்னக்கிளி அக்கா, "என்னம்மா லீலா, தோசைக்கல்லு மனந்திரும்பிட்டா?" என்று கேட்டபோதுகூட லீலா பல்லைக் கடித்துக்கொண்டு போய்விட்டாள். செவ்வாய்க்கிழமைச் செய்திதான் தாங்கவில்லை.

லீலாவுக்குத் தமிழ்நாட்டில், சொந்த ஊரான நாசரேத்தில் ஒரே தங்கை, கிருபா. அம்மா அடக்கத்தன்று நடந்த சண்டையில் நாலு வருஷமாகப் பேச்சில்லை. போன வாரம்தான் லீலா மனசைத் திடப்படுத்திக்கொண்டு கெசியாவின் படம் ஒன்றை அனுப்பினாள். அந்தப் பக்கமிருந்து ஒரு சிவப்பு இதயம் வந்தது. அவ்வளவுதான் வந்தது. லீலா அதை நாலு தடவை எடுத்துப் பார்த்தாள், சந்தோஷத்தில் புருஷனிடம் சொன்னாள். சொல்லியிருக்கக் கூடாது. மறுநாள் காலை 'மன்னிப்பு' என்ற தலைப்பில், அடக்க வீட்டில் யார் யாரை என்ன சொன்னார்கள் என்பதுவரை குழுவுக்குப் போயிற்று. மத்தியானத்துக்குள் யாரோ ஒரு புண்ணியவாளன் அதை நாசரேத்துக்கே தள்ளிவிட்டான்.

ராத்திரிச் சாப்பாட்டுத் தட்டை லீலா கொஞ்சம் சத்தமாகவே வைத்தாள்.

"கிருபா என்னைய பிளாக் பண்ணிட்டா."

"எந்தக் கிருபா?"

"உங்க செய்தியில வந்தாளே, கல்நெஞ்சுக்காரத் தங்கச்சி. அவதான்."

"நான் பேரு சொல்லலியே."

"எனக்கு இருக்கது ஒரே தங்கச்சி. பேரு வேற சொல்லணுமாக்கும்."

"ஊழியத்துல இடறல் உண்டாக்காத. நாப்பத்தொரு பேரு ஆமென் போட்டிருக்கான்."

"நாப்பத்தொரு பேருக்கும் நல்ல பொழுதுபோக்கு. இன்னையோட என் பேச்சை விட்டுருங்க. உங்களப் பத்திப் பேசுங்க."

ஞானதுரை உண்மையாகவே யோசித்தார். சோற்றைப் பிசைந்த கை அப்படியே நின்றது. "என்னைப் பத்திப் பேச என்ன இருக்கு?"

கெசியா காதிலிருந்த இயர்ஃபோனைக் கழற்றி, "நிஜங்கா, டாடி?" என்றாள். பிறந்ததிலிருந்து ஹைதராபாத், கோபம் வந்தால் அவளுக்குத் தெலுங்குதான் வரும்.

அவருக்குக் காது மடல் சிவந்தது. அடுத்த வாரம் முழுக்க, திங்கள் முதல் ஞாயிறு வரை, 'கீழ்ப்படியாத மனைவி' என்று ஏழு நாள் தொடர் பேசப்போவதாக அங்கேயே அறிவித்தார். லீலா தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அடுத்த நாள் வழக்கம்போலத் தோசை ஊற்றினாள். ஜெயித்துவிட்டோம் என்று அவர் இரண்டு தோசை கூடச் சாப்பிட்டார்.

வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபக்கூட்டம் அவர்கள் முறை. இருபது பேர். வாசலில் செருப்பு மலை, உள்ளே வாடகை நாற்காலி. அந்தக் கூட்டத்துக்கு எழுதாத சட்டம் ஒன்று உண்டு. ஒருவர் ஜெபிக்கும்போது மற்றவர்கள் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். குறுக்கே பேசக்கூடாது. ஒவ்வொரு ஸ்தோத்திரத்துக்கும் ஓர் ஆமென் போட வேண்டும். வீடு தீப்பிடித்தால்கூட முடிந்த பிறகுதான் தண்ணீர். ஞானதுரை ஆமென் போடுவதில் சபையிலேயே முதல் ஆள். காதில் விழுமுன் வாயில் வந்துவிடும்.

"வீட்டுக்காரம்மா ஜெபிக்கட்டும்" என்றார் போதகர் மணிவண்ணன். வழக்கமாக லீலா இரண்டு வரியில் முடித்துக்கொண்டு சுண்டலைப் பார்க்க ஓடிவிடுவாள். அன்று முக்காட்டை இழுத்து நன்றாகப் போட்டுக்கொண்டாள்.

"ஆண்டவரே, இம்மட்டும் பொண்டாட்டி குத்தத்தையே சொல்லிக்கிட்டிருந்த என் வீட்டுக்காரர் மனசை நீர் உடைச்சீரே, ஸ்தோத்திரம்."

"ஆமென்" என்றார் ஞானதுரை எல்லோருக்கும் முன்னால். அப்புறம்தான் வாக்கியம் காதுக்குள் இறங்கியது.

"இனிமே தன் குத்தத்தை மட்டுமே தினம் சபைக்கு அறிக்கை பண்ணுவேன்னு தீர்மானம் எடுக்க வச்சீரே, ஸ்தோத்திரம்."

இருபது பேரும் ஆமென். கொஞ்சம் ஆர்வமான ஆமென். ஞானதுரை ஒற்றைக் கண்ணைத் திறந்து மனைவியை முறைத்தார். மூடிய கண்ணை முறைத்து என்ன பிரயோஜனம்? தொண்டையைச் செருமினார். பரிசுத்த ஆவியின் அனல் ஏறி நிற்கிறார் என்று நினைத்து அன்னக்கிளி அக்கா இன்னும் சத்தமாக அல்லேலூயா சொன்னாள்.

"என் கூடப்பிறந்தவ மனசை நோகடிச்சதுக்கு, இந்தக் கூட்டத்துக்கு முன்னாலயே ஃபோன் போட்டு மன்னிப்புக் கேக்க அவருக்குத் தைரியம் தாரீரே, ஸ்தோத்திரம். பெருமைங்கிற பிசாசு குறுக்க வந்து தடுத்திராதபடிக்குக் காத்துக்கொள்ளும். ஆமென்."

கண்ணைத் திறந்தபோது போதகர் கர்சீப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். இப்படி ஒரு தாழ்மையை இந்த ஊரில் தாம் பார்த்ததே இல்லை என்று ஞானதுரையைக் கட்டிப்பிடித்தார். அப்படியொரு தீர்மானமே தாம் எடுக்கவில்லை என்று சொல்ல ஞானதுரை வாயைத் திறந்தார். சொன்னால் அந்தப் பிசாசு யார் என்று இருபது பேருக்கும் தெரிந்துவிடும். மூடிக்கொண்டார்.

"தள்ளிப்போடாதீங்க. இப்பவே போடுங்க" என்றார் போதகர்.

ஸ்பீக்கரில் மணி அடித்தது. கிருபா எடுத்தாள். காது, கழுத்து, மொட்டைத் தலை என்று சிவப்பு ஏற ஏற, ஞானதுரை தப்புத்தான், மன்னிச்சிரும்மா என்றார். அந்த இரண்டு வார்த்தைக்கு நாலு மாடி படியேறியதுபோல மூச்சு வாங்கியது. மறுமுனையில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். "அக்கா பக்கத்துல இருக்காளா?"

லீலா ஃபோனைப் பிடுங்கிக்கொண்டு சமையலறைக்குள் போனாள். ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் வந்தாள். சுண்டலை அவர்தான் பரிமாறினார்.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. போதகர் வீட்டுக்குப் போனதும் குழுவில் அறிவிப்புப் போட்டுவிட்டார்: நாளை முதல் அன்பான சகோதரர் தம் குறைகளை ஒவ்வொன்றாக அறிக்கை செய்வார், ஒருவரும் தவறவிடாதீர்கள். அதுவரை குழுவை மௌனத்தில் போட்டு வைத்திருந்தவர்கள்கூட விழித்துக்கொண்டார்கள்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு ஞானதுரை கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு எழுந்தார். தொண்டையைத் தொட்டுக் காட்டினார். கையை விரித்தார். குரல் போய்விட்டது, சுத்தமாகப் போய்விட்டது, ஒரு மாசத்துக்கு வராது என்றெல்லாம் சைகையில் விளக்கினார். லீலா பரிதாபமாகத் தலையாட்டினாள். மிளகுக் கஷாயம் வைத்துக் கொடுத்தாள், அவர் குடித்து முடிக்கும்வரை நின்றாள். பிறகு அவர் ஃபோனை எடுத்து, குழுவைத் திறந்து, ஒலிப்பதிவுப் பொத்தானைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"கிறிஸ்துவுக்குள் பிரியமானவங்களே, எங்க வீட்டுக்காரருக்குத் தொண்டை கட்டி, ஒரு வார்த்தை பேச முடியலன்னு சைகை காட்டுதாங்க. அதனால அவங்க குறையை இன்னைக்கு நானே சொல்லிருதேன். இன்றைய தலைப்பு, பொய்."

"ஏட்டி லீலா, வையிட்டி ஃபோனைக் கீழ!"

அவர்களுடைய மூன்றாவது மாடி வீட்டின் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. லீலா கட்டைவிரலை எடுத்தாள். அவர் கத்தலோடு சேர்ந்து செய்தி குழுவுக்குப் போய்விட்டது.

"பாத்தியளா" என்றாள், "ஜெபம் பண்ணுததுக்கு முந்தியே சொகமாயிட்டு."