எட்டுப் பேர் வேலை பார்த்த மாமனார்

மரியாதைக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

பெண்ணைக் கொடுத்த மாமனார் எழுதுவது. இங்கே என் முழங்காலைத் தவிர எல்லோரும் சுகம். அங்கே நீங்களும் என் மகளும், சாப்பிடும்போதுகூட நீங்கள் மூடாத அந்த மடிக்கணினியும் சுகமாக இருக்க வேண்டுகிறேன்.

போன தடவை வந்தபோது, "மாமா, சாஃப்ட்வேருன்னா பயப்படாதீங்க, உங்க வேலையைக் குறைக்கத்தான் நாங்க ராப்பகலா கஷ்டப்படுறோம்" என்றீர்கள். உங்கள் வாய்க்குச் சர்க்கரைதான் போட வேண்டும். குழாய் மூட்டும் பம்பு உதிரியும் அடுக்கி வைத்திருக்கும் எங்கள் கிடங்குக்கு, உங்கள் கம்பெனி செய்ததல்ல, உங்கள் இனத்தார் யாரோ செய்த நிர்வாக சாஃப்ட்வேர் வந்து ஒரு மாதம் ஆகிறது. வேலை ரொம்பக் குறைந்துவிட்டது. திங்கட்கிழமையிலிருந்து ஏழு பேருக்கு வேலையே இருக்காது போலிருக்கிறது.

நடந்ததைச் சொல்கிறேன். பயிற்சி கொடுக்க ஒருவர் வந்தார், இரண்டு நாள் திட்டம். முதல் நாள் காலை முழுவதும் அந்த சாஃப்ட்வேரைச் செய்தவர்களின் பெருமைகளைச் சுவரில் படமாகக் காட்டினார். விளக்கை அணைத்திருந்ததால் எங்களில் பாதிப் பேர் நன்றாகத் தூங்கி எழுந்தோம், அந்த வகையில் பயனுள்ள பயிற்சிதான். பிறகு பாஸ்வேர்டு வைக்கச் சொன்னார். பெரிய எழுத்து ஒன்று, சின்ன எழுத்து ஒன்று, எண் ஒன்று, நடுவில் ஒரு நட்சத்திரம். பெயர் கூடாது, பிறந்த தேதி கூடாது. நாம் யார் என்று காட்டிக்கொடுக்கும் எதுவுமே அதில் இருக்கக் கூடாது, ஆனால் நாம்தான் என்று அதற்குத் தெரிய வேண்டும். மூன்று முறை தப்பாக அடித்தால் பூட்டிக்கொள்ளும். தேநீர் வருவதற்குள் ஏழு பேர் கணக்கும் பூட்டிக்கொண்டது. திறப்பது எப்படி என்று கேட்டால், உள்ளே போய் ஒரு புகார் எழுத வேண்டுமாம். சாவி தொலைந்துவிட்டது என்று சொல்லப் போனால், சாவியோடு வந்து சொல் என்கிறார்கள். படித்தவர்கள் யோசனையே தனி.

பிழைத்தது என் கணக்கு ஒன்றுதான். எட்டாம் வகுப்பை இரண்டு தரம் படித்த என்னைத்தான், "பெரியவரே, நீங்க வாங்க" என்று மாதிரிக்கு உட்கார வைத்து, அவரே எல்லாவற்றையும் அடித்து, பாஸ்வேர்டையும் ஓர் அட்டையில் பெரிதாக எழுதிக் கையில் கொடுத்தார். நான் தலையை ஆட்டினேன். அந்த ஆட்டலைப் பார்த்தே சான்றிதழ் கொடுத்துவிட்டார். மறுநாள், "எல்லாருக்கும் புரிஞ்சுதா?" என்று கேட்டார். பஸ் நேரம் நெருங்கிவிட்டதால், "புரிஞ்சுது சார்" என்று ஒரே குரலில் சொல்லி அனுப்பி வைத்தோம்.

அதற்கடுத்த நாள் லாரி ஓட்டுநர் வந்து தலையைச் சொறிந்தார். "அண்ணே, என் பேரைப் போட்டா அந்தப் பெட்டி திருடனைப் பாக்குற மாதிரி பாக்குது. உங்க அட்டையைக் கொஞ்சம் குடுங்க." கொடுத்தேன். பில் போடும் அம்மா கேட்டார், கொடுத்தேன். காவலாளி கேட்டார். கடைசியில், எதற்கு இந்த அலைச்சல் என்று அட்டையை எடை இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஆணியடித்து மாட்டிவிட்டேன். தாராள மனசு மாப்பிள்ளை, யாரைக் குறை சொல்ல?

ஆகவே கம்ப்யூட்டர் கணக்குப்படி சென்ற செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு நான் லாரியை ஊருக்கு வெளியே ஓட்டிக்கொண்டிருந்தேன். அதே நிமிடத்தில் பில் போட்டேன், சரக்கு ஏற்றினேன், கேட்டில் நின்று அந்த லாரியை வெளியே அனுப்பியதும் நானே. அன்றைக்குப் பல் பிடுங்க லீவும் எடுத்திருக்கிறேன்.

நேற்று மேனேஜர் எல்லோரையும் கூப்பிட்டுத் தலைமை அலுவலகக் கடிதத்தை வாசித்தார். ஒரே ஊழியர் எட்டுப் பேர் வேலையைச் செய்வது கண்டு அவர்களுக்கு மெய்சிலிர்த்துவிட்டதாம். மற்ற ஏழு பேரும் ஒரு மாதமாக எந்த வேலையும் செய்ததாகத் தெரியவில்லையாம். அவர்களை ஏன் வைத்திருக்க வேண்டும் என்று திங்கட்கிழமைக்குள் பதில் வேண்டுமாம்.

பில் போடும் அம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "நல்லா இருங்க சார். எங்களை நடுத்தெருவுல நிறுத்திட்டு நீங்க மாலை போட்டுக்கங்க. எம்பொண்ணுக்கு இப்பதான் காலேஜ்ல இடம் கிடைச்சுது" என்றார். சோறு இறங்கவில்லை மாப்பிள்ளை. வீட்டில் சொன்னால் உங்கள் அத்தை, "குடிச்ச டம்ளரை எடுத்து வைக்கத் துப்பில்ல, எட்டு ஆளு வேலையாம்! யாரு அந்த லெட்டரை எழுதினவன், ஒரு நாள் இங்க வந்து பாக்கச் சொல்லுங்க" என்கிறாள்.

முடிவு செய்துவிட்டேன். நாளைக் காலை மேனேஜரிடம் அட்டையை மாட்டியது நான்தான் என்று சொல்லிவிடுவேன். பாஸ்வேர்டைப் பிறருக்குக் கொடுத்தால் வேலை போகும் என்று முதல் நாளே எழுதி வாங்கியிருக்கிறார்கள். போனால் ஓர் ஆள் வேலை போகட்டும், ஏழு பேருடையது போக வேண்டாம். ஆகவே நாங்கள் இருவரும் சில மாதம் உங்கள் வீட்டில் வந்து தங்க நேரலாம். அந்தச் சின்ன அறையை ஒழித்து வைக்கவும். அத்தை இதை எழுத வேண்டாம் என்றாள், அதனால் அவள் தூங்கிய பிறகு எழுதுகிறேன்.

உங்களுக்கும் மகளுக்கும் எல்லா நன்மையும் உண்டாகட்டும். உங்கள் கணக்கு ஒருநாளும் பூட்டிக்கொள்ளாதிருக்கட்டும்.

இப்படிக்கு,
மாமனார்

பின்குறிப்பு: உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். அறையை ஒழிக்க வேண்டாம். மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். அவர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு, "மெல்லப் பேசுங்க சார். அந்த லெட்டருக்கு ரெண்டாம் பக்கமும் உண்டு. வேலை செய்யாதவங்க லிஸ்ட்ல எட்டாவது பேரு என்னுது. நானும் உங்க அட்டையைப் பாத்துத்தான் உள்ள போறேன்" என்றார். பிறகு, பயிற்சி போதவில்லை, இங்கே எல்லோரும் உழைப்பவர்களே என்று அவரே உட்கார்ந்து விளக்கம் அடித்து அனுப்பினார். அதுவும் என் பெயரிலேயே போய்ச் சேர்ந்தது. இன்று பதில் வந்துவிட்டது: என் கருத்தை ஏற்கிறார்களாம், யாரையும் நீக்கப் போவதில்லையாம், மேனேஜர் உட்பட எல்லோருக்கும் மறுபடி பயிற்சியாம். எனக்கு மட்டும் தேவையில்லையாம், எல்லாம் தெரிந்தவராம். அவர்களிடம் எப்படிச் சொல்வேன், மாப்பிள்ளை? நான் இன்னும் சரக்குக் கணக்கை நோட்டில்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். என் பெயரில் இதுவரை ஒருமுறைகூட உள்ளே போகாத ஆள், இந்தக் கிடங்கிலேயே நான் ஒருவன்தான்.