ஒட்டடைக்குச்சிக்கு எழுதிவைத்த தட்டுகள்

நெஞ்சைப் பிளக்க விடுவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். டாக்டர் மூன்று இடத்தில் அடைப்பு என்றார். இரண்டாக முடித்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். சிரிக்காமல் பார்த்தார். ஆபரேஷன் இல்லாவிட்டால் ஆறு மாதம், அதுவும் உறுதியில்லை என்றார். உறுதியில்லாத சரக்கோடு நான் மல்லுக்கட்டுவதில்லை. எழுந்து வந்துவிட்டேன்.

நான் பள்ளிக்கூடத்தில் படித்தவன் அல்ல. பழைய பேப்பர், காலி பாட்டிலில் ஆரம்பித்து, அடிபட்டு மிதிபட்டுப் பழம்பொருள் கடை வைத்தவன். கடையில் எதையும் விற்பேன். வீட்டு அலமாரியில் இருக்கும் தொண்ணூறு நீலத் தட்டுகளை மட்டும் தொடவிடமாட்டேன். இங்கிலாந்துச் சரக்கு. செம்புத் தகட்டில் படம் செதுக்கி, மெல்லிய தாளில் அச்செடுத்து, அந்தத் தாளைத் தட்டில் ஒட்டிப் படத்தை இறக்கிய பழைய வேலை. பாலம், படகு, மாடு, கோட்டை எல்லாமே நீலம். தாளின் இரண்டு முனையும் சந்திக்கிற இடத்தில், ஓரத்துப் பூ ஒன்று பாதியில் வெட்டுப்பட்டு நிற்கும். அந்தத் தப்பைத்தான் நான் முதலில் தேடுவேன்.

வாங்குவது சாவு வீட்டில். ஒரு வாரம் கழித்து வெள்ளைச் சட்டையில் போய் உட்காருவேன். போனவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை. ஒரு பெருமூச்சு. பிறகு, இந்தத் தட்டைப் பார்க்கும்போதெல்லாம் அவர் ஞாபகம் வந்து வதைக்குமே அம்மா என்பேன். அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, கேட்ட விலைக்கு எடுத்துக் கொடுத்துவிடும். இந்தத் தொழிலில் எனக்குப் போட்டி ஒரே ஒருவன். ஆள் நெட்டை, ஒல்லி. ஒட்டடைக்குச்சி என்று பேர் வைத்திருக்கிறேன். எந்த வீட்டுக்குப் போனாலும் எனக்கு முன்னால் அவன் செருப்பு வாசலில் கிடக்கும்.

மூன்று வாரம் என் மனைவி ஆபரேஷன் பேச்சையே பேசினாள். அழுதாள். பட்டினி கிடந்தாள். நான் மசியவில்லை. நாலாவது வாரம் வாயை மூடிக்கொண்டாள். ஜெயித்துவிட்டேன் என்று கால் மேல் கால் போட்டு உட்கார்ந்தேன்.

அந்தச் சனிக்கிழமை ஒட்டடைக்குச்சி வீட்டுக்கு வந்தான். வெள்ளைச் சட்டை.

"உடம்பு எப்படி இருக்கு அண்ணே?" என்றான். கேட்டது என்னை. பார்த்தது அலமாரியை. என் மனைவி அவனுக்குக் காபி கொடுத்தாள், எனக்கு மாத்திரை கொடுத்தாள். அடுத்த சனிக்கிழமையும் வந்தான். போன வாரத்துக்கு இந்த வாரம் இளைத்துவிட்டேனாம். மூன்றாவது சனிக்கிழமை அளவு நாடாவோடு வந்து அலமாரியை அளந்தான். போகிறபோது என்னையும் கண்ணாலேயே நீட்டி அளந்துவிட்டுப் போனான்.

சந்தேகம் வந்து ஒரு தட்டைத் திருப்பினேன். அடியில் துண்டுச் சீட்டு ஒட்டியிருந்தது. என் மனைவியின் கையெழுத்து. எழுத்துக்கூட்டிப் படித்தேன். ஒட்டடைக்குச்சியின் பேரும் ஒரு விலையும். அடுத்த தட்டிலும் அதே. தொண்ணூறு தட்டிலும் அதே. அந்த விலைக்கு ஒற்றைக்கால் செருப்புகூட வராது.

நெஞ்சு வலித்தது. அடைப்பால் அல்ல, விலையால்.

"என்னடி இது?"

"நீங்க போனதுக்கப்புறம் யாராவது வந்து கேக்கத்தானே போறாங்க. தெரிஞ்சவரா இருக்கட்டும்னு அவர்கிட்டயே பேசி வச்சிட்டேன்."

"இந்த விலைக்கா? பேரம் பேசவே இல்லையா நீ?"

"எனக்கு எங்க அதெல்லாம் தெரியும்? உங்களைப் பத்தி நாலு நல்ல வார்த்தை சொன்னாரு. மனசு இளகிடுச்சு."

"நான் இன்னும் சாகலடி."

"அவரும் அவசரம் இல்லன்னுதான் சொன்னாரு. ஆறு மாசம் பொறுத்துக்குவாராம்."

நாற்காலியை எட்டி உதைத்தேன். நாற்காலிக்கு ஒன்றும் ஆகவில்லை, கால் வீங்கியது. மறுநாள் காலை அந்த வீங்கின காலோடு ஆஸ்பத்திரியில் நின்றேன். காட்டின இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டேன். ஒரு பைசா குறைக்கச் சொல்லவில்லை. அவனுக்கு ஒரு சாசர்கூடக் கிடைக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டே மயக்கத்துக்குள் போனேன்.

பிழைத்துக்கொண்டேன். பக்கத்துக் கட்டில்காரர் மூன்றாம் நாள் போய்விட்டார். அவர் மனைவி, அவருடைய மூக்குக்கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றுகொண்டே இருந்தாள். எனக்கு ஒரு நல்ல வார்த்தை கூட வாயில் வரவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

ஒரு மாதம் கழித்து, மார்பில் தழும்போடு நேராக ஒட்டடைக்குச்சியின் கடைக்குப் போனேன். பேசின பேச்சு ரத்து என்றேன். எந்தப் பேச்சு என்றான். என் சாவுக்குப் பேசின விலை என்று கத்தினேன். அவன் என்னைப் பிடித்து உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தான். விலை எதுவும் பேசவில்லை என்றான். மூன்று சனிக்கிழமை வெள்ளைச் சட்டையில் வந்து அலமாரியை முறைத்துப் பார்க்க வேண்டும், அதுதான் அண்ணி சொன்ன வேலை, கூலியும் வாங்கியாகிவிட்டது என்றான்.

வீட்டுக்கு வந்தேன். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவனுக்கு என்ன கொடுத்தாய் என்றேன்.

"நல்ல தட்டா ரெண்டு கேட்டாரு," என்றாள், நிமிராமல். "உங்க உயிருக்கு ஓரம் உடைஞ்சது ஒண்ணே ஜாஸ்தின்னு பேசி முடிச்சுட்டேன்."