பிட்ரேட் அண்ணையின் நடு ஸ்பீக்கர்

மனிதர்களை நல்லவர், கெட்டவர் என்று பிரிக்காமல் கிலோபிட் கணக்கில் பிரித்த ஒரே ஆள் தலைமன்னார் பிட்ரேட் அண்ணைதான். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் பங்குச் சாமியாருக்கே மறந்திருக்கும். தொழில், மீன்பிடிப் படகுகளின் எஞ்சின் திருத்துவது. உயிர், முன்னறையில் இருந்த ஹோம் தியேட்டர். முன்னால் இரண்டு ஸ்பீக்கர், பின்னால் இரண்டு, நடுவில் ஒன்று, மூலையில் பூதம் மாதிரி ஒரு சப்வூஃபர். மதிலுக்கு இந்தப் பக்கம் வாடகைக்கு இருந்த பாவி வாத்தியார் நான்.

சப்வூஃபர் உறுமினால் என் அலுமாரிக் கதவு தானாகத் திறக்கும். சண்டை பிடிக்கப் போனால், "மாஸ்டர், அது லொஸ்லெஸ். ஒண்டையும் வெட்டாத சத்தம். உங்கடை அலுமாரி குடுத்துவச்சது" என்பார்.

எதிரொலி வரக்கூடாதென்று சுவர் முழுக்கப் பழைய வலையை மடித்து அடித்திருந்தார். அந்த அறையில் காதல் படம் பார்த்தாலும் சூடை மீன் மணக்கும். நடு ஸ்பீக்கருக்கு இடம் போதாதென்று மாதா சுருவச் சிலையை ஒரு முழம் தள்ளி வைத்தார். மனைவி மேரியக்கா மூன்று நாள் அவரோடு கதைக்கவில்லை. வலை வேலை செய்கிறது, அறை நல்ல அமைதி என்று இவர் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தார்.

பிட்ரேட் என்றால் என்னவென்று கேட்டால் அவரிடம் ஒரே விளக்கம்தான். "வலைக் கண் மாதிரி. பிட்ரேட் கூடினால் சின்னக் கண், ஒரு நெத்தலியும் தப்பாது. குறைஞ்சால் பெரிய கண். சின்னச் சத்தமெல்லாம் பூந்து ஓடிடும். ஓடினதைத் திரும்பப் பிடிக்கேலாது."

ஒருநாள் பக்கத்துத் தெரு மீனவன் அன்ரன், தன் மகள் கோயிலில் முதல்நன்மை வாங்கிய வீடியோவைப் பென்டிரைவில் கொண்டுவந்தான். பூசையில் பிள்ளை பாடியதைப் பெரிய ஸ்பீக்கரில் கேட்க ஆசை. பெண்சாதி ஜெசிந்தாவும் சொந்தக்காரரும் வெளிக்கிட்டு வந்திருந்தார்கள். அண்ணை பத்து விநாடி கேட்டார். நிறுத்தினார்.

"அன்ரன், இது வெறும் தொண்ணூத்தாறு கிலோபிட்! கிழிஞ்ச வலை. என்ரை ஸ்பீக்கருக்கு இதைக் குடுக்கமாட்டன்."

"என்ரை பிள்ளையின்ரை முதல்நன்மை அண்ணை!"

"பிள்ளையிலை பிழை இல்லை. பிட்ரேட்டிலைதான் பிழை."

"அப்ப இனி என்ரை எஞ்சினும் உன்ரை வாசலுக்கு வராது!"

அன்ரன் ரோசக்காரன். சொன்னபடியே எஞ்சினைத் தானே கழற்றித் தானே பூட்டத் தொடங்கினான்.

இரண்டு மாதம் போயிருக்கும். ஒரு மத்தியானம் ஜெசிந்தா போனும் கையுமாக ஓடிவந்தாள். தனியாகக் கடலுக்குப் போன அன்ரனின் எஞ்சின் நின்றுவிட்டது. ஒரே ஒரு வொய்ஸ் அனுப்பியிருக்கிறான். அதோடு போனும் செத்துவிட்டது. காற்று எழும்பிக்கொண்டிருந்தது. தேடப் போன படகுகளுக்கு எந்தப் பக்கம் போவதென்று தெரியவில்லை.

"அண்ணை, வொய்ஸிலை முழுக்கக் காத்துத்தான். ஒருத்தருக்கும் விளங்கேல்லை. நீங்கள் ஒருக்காக் கேளுங்கோ!"

போன் வொய்ஸ் என்றால் எச்சில் இலையைப் போலப் பார்க்கிற மனிதர். பிட்ரேட்டைக் கேட்டு வைக்கப் போகிறாரே என்று எனக்குப் பயம். அவர் அதைக் கேட்கவில்லை. "எஞ்சினோ நிண்டது? எஞ்சினோ?" என்று இரண்டு தரம் கேட்டார். முகம் செத்துப்போயிற்று.

பிறகு சப்வூஃபரின் வயரைப் பிடுங்கினார். "காத்தின்ரை உறுமல் முழுக்க இதுக்குள்ளைதான்." நான்கு ஸ்பீக்கரையும் அணைத்து, நடு ஸ்பீக்கரை மட்டும் விட்டு, அடித்தொனியை வெட்டினார். ஃபேனை நிறுத்தினார். "மேரி, செபத்தை மனசுக்கை சொல்லும்." மாதாவுக்குப் பக்கத்தில் முழங்காலில் நின்று காதை ஸ்பீக்கரில் ஒட்டினார். ஒன்பதாம் தரம் போட்டபோது கை உயர்ந்தது; அன்ரன் சொன்னதை அவரே திருப்பிச் சொன்னார்.

"மூண்டாந் தீடை… தெக்காலை…"

தீடை என்றால் இந்தியாப் பக்கமாக வரிசையாகக் கிடக்கும் மணல் திட்டு. படகுகளுக்குச் சொல்லிவிட்டு, சாமான் பெட்டியோடு அண்ணையும் ஏறிப் போனார். பொழுது படுமுன் அன்ரனைக் கட்டி இழுத்து வந்தார்கள். கரையில் அவன் தலை குனிந்து நின்றான். "உந்தக் காபரேற்றரை இப்பிடி ஆரடா பூட்டினது?" என்று இவர் ஏசினார். ஏசும்போதே அழுதார்.

அடுத்த ஞாயிறு என் அலுமாரிக் கதவு அசையவில்லை. சந்தேகத்தில் நானே எழுந்து போனேன். முன்னறை நிறையச் சனம். நடு ஸ்பீக்கரில் அன்ரனின் மகள் பாடிக்கொண்டிருந்தாள்.

"என்ன அண்ணை, கிழிஞ்ச வலையெண்டியள்?"

"ஓம் மாஸ்டர். நெத்தலியெல்லாம் ஓடிட்டுதுதான். ஆனா ஆளை விடேல்லைப் பாத்தியளே."

இப்போது நான் வேறு ஊரில் இருக்கிறேன். அலுமாரிக் கதவு மூடினால் மூடியபடியே கிடக்கிறது. எனக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை.