பைனலும் இரண்டு கிலோ கறியும்

"இனிமேல் இந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்றால் கறிக்குழம்புதான். கிரிக்கெட் கிடையாது!" என்று மோகன்ராஜ் வீரமாக முடிவெடுத்தார். எடுத்தது குளியலறைக்குள். தாழ்ப்பாள் போட்டிருந்தது, குழாயும் திறந்திருந்தது. அவருடைய பெரிய முடிவுகள் எல்லாம் அங்கேதான் பிறக்கும். முக்கால்வாசி அங்கேயே காலமாகிவிடும்.

ஆனால் இந்த முறை மனிதர் நிஜமாகவே நொந்து போயிருந்தார். மூன்று ஞாயிறாக ரசம், அப்பளம். வேலம்பாளையத்தில் குடியிருந்து வாரம் ஆறு நாள் உழைக்கிறவனுக்கு ஞாயிறு மதியம் தட்டில் கறிக்குழம்பு விழவில்லை என்றால் அது ஞாயிறே இல்லை, லீவு விட்ட திங்கள்.

எல்லாம் ஒரு நீல டி-சர்ட்டால் வந்த வினை. அவர் மனைவி பூங்குழலி ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பார்ப்பவள். தைத்து வரும் துணியில் ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் எங்கே இருந்தாலும் அங்கே சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டிவிடுவாள். போன வருடம் நம் பெண்கள் கிரிக்கெட் அணியின் ரசிகர்களுக்காக நாலாயிரம் நீல டி-சர்ட் ஆர்டர் வந்தது. 'இத்தனை பேரு போட்டுக்கற அளவுக்கு அப்படி என்னத்தை ஆடறாங்க?' என்று ஒரு மேட்ச் பார்த்தாள். அவ்வளவுதான். அன்றிலிருந்து அந்தப் பதினோரு பேரும் அவளுக்கு "என்ற புள்ளைக", பெற்ற பிள்ளைகளே ஆகிவிட்டார்கள். அக்குளில் ஓட்டை விழுந்து கழித்துக்கட்டிய டி-சர்ட் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தாள். மேட்ச் நாளில் அதைத்தான் போடுவாள். சிவப்பு அம்புக்குறி இன்னும் அதிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. மோகன்ராஜின் பிரஷர் மாத்திரை தீர்ந்தது அவளுக்குத் தெரியாது. எந்தப் பிள்ளைக்கு எந்த முழங்காலில் வலி என்பது தெரியும்.

இப்போது நாலு நாட்டுக் கோப்பை நடந்துகொண்டிருந்தது. வெளிநாட்டில் நடந்ததால் ஞாயிறுதோறும் நம்மூர் நேரப்படி காலை பத்தரைக்கு ஆட்டம். சரியாகக் கறி வேகிற நேரம்.

"ஏனுங்க, கல்யாணமாயிப் பத்தொம்பது வருசமாச்சு" என்றாள் பூங்குழலி. "நீங்க பாக்கற மேட்ச்சை எல்லாம் நான் கரண்டியக் கையில வெச்சுட்டு சமையக்கட்டு வாசல்ல நின்னு துண்டு துண்டாப் பாத்துட்டேன். புள்ளைக பைனலுக்குப் போனா அதையாச்சும் மொதப் பந்துல இருந்து கடைசிப் பந்து வரைக்கும் உக்காந்தே பாக்கோணுங்க. வேற ஒண்ணும் வேண்டாம் எனக்கு."

"பாரு, பாரு. ஆரு வேண்டாங்கறா?" என்றார் மோகன்ராஜ் தாராளமாக. அப்படியே குளியலறைக்குள் போய்த் திட்டத்தைத் தீட்டினார்.

அவர்கள் வீட்டு டிவியில் மேட்ச் இன்டர்நெட் வழியாக வரும். அரை நிமிடம் தாமதமாகத்தான் வரும். போனில் இருக்கும் ஸ்கோர் ஆப்போ உடனுக்குடன் சொல்லிவிடும். அந்த அரை நிமிடம் போதும் அவருக்கு.

அந்த ஞாயிற்றுக்கிழமை லீக் ஆட்டம். ஹாலில் திரைச்சீலையை இழுத்துவிட்டு, மடியில் துண்டைப் போட்டுக்கொண்டு, துண்டுக்கு அடியில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். தன் கம்பெனியில் மிச்சமான துணியில் வெயிலுக்கு இதமாக இருக்கட்டும் என்று அவரே பொறுக்கியெடுத்த துண்டு அது. துணி விஷயத்தில் அவர் சாதாரண ஆள் இல்லை. நெருப்பெரிச்சல் என்ற பக்கத்து ஊரில் ஒரு பனியன் கம்பெனியில் இருபத்திரண்டு வருடமாகத் துணியின் கனம் பார்க்கிற வேலை. ஜிஎஸ்எம் என்பார்கள் அந்தக் கனத்தை. துணியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஒரு பார்வை பார்த்தாலே எத்தனை ஜிஎஸ்எம் என்று சொல்லிவிடுவார்.

அன்றைக்கு வேலம்பாளையத்தில் தண்ணீர் வருகிற நாள். பூங்குழலி குழாய்க்கும் ஹாலுக்கும் குடத்தோடு ஓடிக்கொண்டிருந்தாள். போனில் விக்கெட் விழுந்ததும் மோகன்ராஜ் கத்தினார்: "அம்மிணி, ஓடி வா! உன்ற புள்ள என்ன போடு போடுது பாரு!"

குடத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்து உட்கார்ந்தாள். ஸ்டம்பு பறந்தது.

நாலு தடவை கூப்பிட்டார். நாலு தடவை வந்து உட்கார்ந்தாள். நாலு விக்கெட். அணி தோற்றது.

"நான் சொல்லக் கூடாதுதான்" என்று முகத்தை இழவு வீட்டு முகமாக வைத்துக்கொண்டார் மோகன்ராஜ். "ஆனா உனக்கு ராசி இல்ல அம்மிணி. நீ உக்காந்தா விக்கெட் போயிருது. பாவம், அந்தப் புள்ளைக என்ன பண்ணும்?"

பூங்குழலியின் கண் கலங்கியது. துண்டைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்த ஞாயிறு அவளாகவே சமையலறைக்குள் போய்விட்டாள். போனைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே இருந்தாள். அணி ஜெயித்தது. கறிக்குழம்பும் வந்தது. அவள் முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டதால் குழம்பு ருசியாகத்தான் இருந்தது.

அதற்கடுத்த ஞாயிறு அரையிறுதி. பூங்குழலி நீல டி-சர்ட்டும் ஒரு நீள நோட்டுமாக வந்து சோபாவில் உட்கார்ந்தாள்.

"என்ன அம்மிணி, ராசி...?"

"அதத்தானுங்க சொல்ல வந்தேன். எங்க கம்பெனில நாலு பீஸைப் பாத்துப்போட்டு மொத்தத்தையும் கழிச்சுக்கட்ட மாட்டோமுங்க. ராசியவும் முறையாச் செக் பண்ணிப் போடலாம். ஆரு எங்க இருந்தா என்ன ஆவுதுன்னு நான் ரிப்போர்ட் எழுதறேன்."

"எழுது, எழுது. தாராளமா எழுது" என்றார் மோகன்ராஜ். ரிப்போர்ட் என்றாலே தலையாட்டுகிற இருபத்திரண்டு வருடக் கம்பெனி அனுபவம் அப்படிச் சொல்ல வைத்தது.

பூங்குழலி நோட்டைக் குனிந்து பார்த்தாள். "ஏனுங்க, ஒரு சொம்பு தண்ணி கொண்டாங்க."

அவர் சமையலறைக்குள் நுழைந்தார். ஹாலில் ஃபோர்!

"எழுதிட்டேன். வந்து உக்காருங்க." உட்கார்ந்தார். அவுட்!

அவள் மறுபடி நோட்டைப் பார்த்தாள். "அடுப்புல பாலு இருக்குது, பாருங்க." போனார். சிக்ஸர்!

இப்படியே எட்டு முறை. வியர்த்துவிட்டது மோகன்ராஜுக்கு. தன்னைப் பார்த்துத் தானே பயந்தார். சமையலறைக்குள் ஒரு காலை வைத்தாலே அங்கே கடல் கடந்து பந்து பறக்கிறதே! அணி பைனலுக்குப் போய்விட்டது.

பூங்குழலி நோட்டை மூடினாள். "எனக்கு ராசி இருக்குதோ இல்லியோ, உங்களுக்கு இருக்குதுங்க. ஆனா சமையக்கட்டுலதான் இருக்குது."

'ராசியெல்லாம் சும்மா' என்று சொல்ல நாக்கு வரைக்கும் வந்தது. சொன்னால், 'அப்புறம் அன்னைக்கு எனக்கு ராசி இல்லைன்னீங்களே?' என்பாள். விழுங்கிக்கொண்டார்.

பைனல் வந்தது. சோபாவின் நட்டநடுவில் பூங்குழலி, மகாராணி மாதிரி. பக்கத்தில் எதிர்வீட்டு சைதுன்னிசா. தரையில் செக்கிங் செக்‌ஷன் பெண்கள் ஆறு பேர். சமையலறையில் மோகன்ராஜ், இரண்டு கிலோ கறி, ஒன்றரைக் கிலோ சின்ன வெங்காயம். எட்டிப் பார்க்கக் கூடாது என்று கட்டளை.

"ஏனுங்க, இப்ப என்ன பண்றீங்க?" என்று ஹாலிலிருந்து குரல்.

"வெங்காயம் உரிக்கறேன்!"

"உரிச்சுட்டே இருங்க! நிறுத்திராதீங்க! ரெண்டு புள்ளைகளும் நல்லா ஆடுதுக!"

எழுபது ரன் ஜோடி அது. ஒன்றரைக் கிலோவும் தீர்ந்துவிட்டது. பயத்தில் பூண்டை உரித்தார்.

"அண்ணே!" என்று சைதுன்னிசா கத்தினாள். "கறியக் கிண்டுனீங்களா?"

"லேசா..."

"அதான் போச்சு! இனிக் கிண்டாதீங்கண்ணே, உங்களுக்குப் புண்ணியமாப் போவுது!"

அடிப்பிடித்தாலும் பரவாயில்லை என்று கரண்டியைத் தூக்கியபடியே நின்றார் மோகன்ராஜ். அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. கறியைப் பற்றிக் கவலையே இல்லை. அந்தப் பிள்ளைகள் ஜெயிக்க வேண்டும். அது போதும்.

கடைசிப் பந்து. விரட்டி ஆடிய ஆஸ்திரேலியாவுக்கு ஜெயிக்க நாலு ரன் வேண்டும். தாங்க முடியவில்லை அவருக்கு. வாசற்படிக்கு வெளியே மெல்ல ஒரு காலை நீட்டினார். வைடு!

"காலு!" என்று எட்டுப் பெண்களும் ஒரே குரலில் அலறினார்கள்.

வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டார். சுவர்ப் பக்கம் திரும்பி, கண்ணை மூடி, கரண்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். மூன்று ரன் வேண்டும். மறுபடி ஒரு பந்து. "எப்படியாச்சும் புடிச்சுரு கண்ணு" என்று வாய் முணுமுணுத்தது. எந்தக் கண்ணு என்று அவருக்கே தெரியாது.

கூரை பிய்ந்துகொண்டு போகிற மாதிரி ஒரு கூச்சல். கேட்ச்! கோப்பை!

பூங்குழலி சமையலறைக்குள் ஓடி வந்து அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "செயிச்சுட்டமுங்க! மொதப் பந்துல இருந்து கடைசி வரைக்கும் எந்திரிக்கவே இல்லீங்க நான்!" என்று சொல்லிச் சிரித்தாள், அழுதாள். மோகன்ராஜுக்கும் கண்ணில் நீர் வழிந்தது. வெங்காயம் என்றார். வெங்காயம் தீர்ந்து ஒரு மணி நேரத்துக்கும் மேலாகியிருந்தது.

வாசலில் பட்டாசு வெடித்தது. எல்லோரும் உட்கார்ந்து ஒரு பிடி பிடித்தார்கள். சைதுன்னிசாவின் கணவர் ஷேக் தாவூது கதையைக் கேட்டு ஓடி வந்து கையைக் குலுக்கினார். "மாப்ளே, கப்பு உங்க சமையக்கட்டுல இருந்துதான் வந்திருக்குது போங்க!"

மோகன்ராஜுக்குத் தலைகால் புரியவில்லை. கடைசிப் பந்தைத் தானே பிடித்ததுபோல் நாலு பேருக்குக் கதை சொன்னார்.

எல்லோரும் போன பிறகு துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தினார். "பாத்தியா அம்மிணி என்ற ராசிய? அடுத்த தொடருக்கும் நானே நிக்கறேன். புள்ளைகளை நாமளே கைவிட்டுர முடியுமா?"

"நீங்களே சொல்லிட்டீங்க, சந்தோசமுங்க" என்று பூங்குழலி நோட்டை எடுத்தாள். உள்ளேயிருந்து அவள் போன் நழுவி விழுந்தது. திரையில் ஸ்கோர் ஆப். நோட்டில் ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை.

மோகன்ராஜுக்குப் புரிய அரை நிமிடம் ஆனது. "அப்ப... அரையிறுதில... உனக்கு எப்படி...?"

"அன்னைக்குத் தண்ணி புடிக்கறப்பவே தெரியுமுங்க. அடுத்த வாரம் சமையக்கட்டுல உக்காந்து நானும் அந்த ஆப்பைப் பழகிட்டேன்."

அவர் தோளிலிருந்த துண்டை எடுத்தாள். கம்பெனியில் அவர் தூக்கிப் பிடிப்பதுபோலவே தூக்கிப் பிடித்து, அதற்குப் பின்னால் தன் போனை வைத்தாள். துண்டு வழியாக ஸ்கோர் பளிச்சென்று தெரிந்தது, ஓவர் கணக்கு உட்பட.

"நூத்திப்பத்து ஜிஎஸ்எம் கூட இருக்காதுங்க இது" என்றாள் பூங்குழலி. "அடுத்த மாசம் அஞ்சு மேட்ச் இருக்குது. கனமான துண்டா ஒண்ணு எடுத்து வெக்கறேன், சட்டி எறக்கறதுக்கு ஆகும்."