அப்பா பூசிய சுவர்

எங்கள் ஆவடிப் பக்கத்தில் பூசாத சுவருக்கு ஒரே அர்த்தம்தான்: கட்டியவனிடம் காசு தீர்ந்துவிட்டது. இதில் கலைக்கெல்லாம் இடமே கிடையாது. ஐந்து வருஷம் ஆர்க்கிடெக்சர் படித்த எனக்கு இந்த ஒரு பாடத்தை மட்டும் யாரும் நடத்தவில்லை. (நடத்திய அன்று நான் லீவு போட்டிருக்கவும் வாய்ப்பு உண்டு.)

படித்து முடித்த புதிதில், பழைய கட்டடங்களைப் பற்றி இந்தச் சென்னையில் என்னைவிட அதிகம் தெரிந்தவர் இல்லை என்று மனதார நம்பிக்கொண்டிருந்தேன். அந்த நம்பிக்கையை யூசுப் பாயும் நம்பிவிட்டார், பாவம். பூந்தமல்லியில் அவருடைய தாத்தா காலத்து அரிசிக் கிடங்கு ஒன்று எலிகளின் அனுபவத்தில் இருந்தது. கீழே காபிக் கடை, மேலே மரத்தளம் போட்டு உட்கார்ந்து படிக்க, வேலை பார்க்க இடம் என்று வரைந்து கொடுத்தேன்.

"மேல பரண்ல உக்காந்து யாரும்மா காபி குடிப்பாங்க?" என்றார்.

"அது லாஃப்ட், பாய்."

"அதாம்மா, பரண்."

பரணுக்கு ஒப்புக்கொண்டவர், பின்சுவர் விஷயத்தில்தான் கலங்கினார். பழைய பூச்சைக் கொத்தி எடுத்தபோது உள்ளே சுண்ணாம்பு வைத்துக் கட்டிய மெல்லிய செங்கல் வரிசை வெளிப்பட்டது. அப்படி ஒரு சிவப்பு. இதை இப்படியே விடப்போகிறோம் என்றேன். பாய் சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டார். அதை நான் சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

எங்கப்பா தொழிற்சாலையில் ஃபோர்மேனாக இருந்து ரிட்டயர் ஆனவர். சொல்லாமல் வீட்டுக் குழாயைக் கழற்றிச் சரிசெய்துவிட்டு, "பாத்தியா?" என்று கேட்கும் ரகம். அவர் எனக்கு ஒரு கெடு வைத்திருந்தார். "இந்த ஒரு வேல. இதுலேர்ந்து அடுத்த வேல வந்தா சரி. வரலன்னா பேங்க் எக்ஸாம் எழுதுற." அடுத்த வேலைக்கு ஆளும் தயாராக இருந்தது. அம்பத்தூரில் மூடிக்கிடந்த, இரும்பு வார்க்கும் பவுண்டரி ஒன்றின் முதலாளி, பாய்க்குத் தெரிந்தவர், வெள்ளிக்கிழமை திறப்பு விழாவுக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். கடை பிடித்திருந்தால் அந்த பவுண்டரியைச் சின்னச் சின்ன வாடகை வீடுகளாக மாற்றும் வேலை எனக்கு. பிடிக்கவில்லை என்றால் வட்டிக் கணக்கு.

எல்லாம் முடிந்தது என்ற தெம்பில், அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு வேளாங்கண்ணிக்குப் புறப்பட்டேன். மாதாவுக்கு ஒரு குட்டி வெள்ளி வீடு காணிக்கை தருவதாக அம்மா வேண்டியிருந்தாள். கிடங்கில் புதிதாகப் போட்ட சிமெண்ட் தரைக்குத் தினமும் தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டுமே. சாவியை அப்பாவிடம் கொடுத்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த மிகத் தெளிவான முட்டாள்தனம் அதுதான்.

வியாழக்கிழமை மதியம் பையும் கையுமாக நேராகப் பூந்தமல்லியில் போய் இறங்கினேன். பின்சுவர் பிஸ்தா பச்சையில் இருந்தது. எங்கள் வீட்டு வெளிச்சுவருக்கு அடித்து மிச்சமான அதே பிஸ்தா பச்சை. அதன் கீழே அப்பாவும், கூட வேலை பார்த்த அந்தோணி மாமாவும், கொத்தனார்களும் வெற்றிக் களிப்போடு டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"வந்துட்டியா ஜெனி? நான் பயந்தே பூட்டேம்மா," என்றார் அப்பா. "தண்ணி ஊத்தலாம்னு கதவத் தொறந்தா சுவரு அம்மணமா நிக்குது. நாளு வேற நெருங்கிகினு கீது. பாயாண்ட பணத்த வாங்கிகினு பாதில வுட்டுட்டு பொண்ணு வேளாங்கண்ணி போய்ட்டாளேன்னு நாலு பேரு பேசமாட்டான்? அதான் நாங்களே எறங்கிட்டோம்."

"அப்பா, அது டிசைன்."

"எது?"

"பூசாம விடுறது."

அப்பா நண்பரைப் பார்த்தார். அந்தோணி மாமா டீ கிளாசைக் கீழே வைத்தார். "பூசாம வுடுறதுக்கா நைனா அஞ்சு வருசம் படிக்க வெச்ச?"

எனக்கு வந்த கோபத்தில் அழுகைதான் வந்தது. சுவரைப் பார்த்து அழுதேன், பரணில் ஏறி உட்கார்ந்தும் அழுதேன். அப்பா கீழே நின்று சுத்தியலைக் கையில் எடுத்தார். "இப்பவே பேத்துடட்டா?" என்றார். மறுநாள் விழாவை வைத்துக்கொண்டு எதைப் பெயர்ப்பது?

வெள்ளிக்கிழமை காலையில் பாய் வந்தார். பச்சையைப் பார்த்ததும் அவர் முகம் தெளிந்தது. "நல்லவேளைம்மா, மனசு மாறிட்ட. நான் எப்படிச் சொல்றதுன்னு தவிச்சிட்டிருந்தேன்," என்றார். அது அப்பாவின் பிஸ்தாவைவிட அதிகமாக வலித்தது.

பிறகு பவுண்டரி முதலாளி வந்தார். மரத்தளத்தைப் பார்க்கவில்லை, நான் தேடித்தேடி வாங்கிய விளக்குகளைப் பார்க்கவில்லை. நேராகப் பின்சுவருக்குப் போனார். உள்ளங்கையால் தடவினார். ஓரத்தில் கன்னத்தை வைத்து ஒரு கண்ணை மூடி மட்டம் பார்த்தார்.

"பூச்சு கண்ணாடி மாதிரி இருக்கே. யாரு செஞ்சது?"

நான்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். பேங்க் எக்ஸாமும் இல்லை, கெடுவும் இல்லை. ஆனால் எனக்குத்தான் படித்த திமிர் இருக்கிறதே. "சார், இது தப்பு. இதுக்கு அடியில அருமையான செங்கல் இருக்கு. நீங்க அதைத்தான் பாத்திருக்கணும். நான் உங்க பவுண்டரிய செஞ்சா இப்படிப் பூசமாட்டேன். இது எங்கப்பா வேலை," என்று மூச்சுவிடாமல் சொன்னேன்.

அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு அப்பா பக்கம் திரும்பினார். "ஐயா இப்ப ஃப்ரீயா இருக்கீங்களா?"

ரிட்டயர் ஆனதிலிருந்து அப்பாவை யாரும் அப்படிக் கேட்டதில்லை. சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு நான் நின்றிருக்க, என் கண்ணெதிரே என் வேலை எங்கப்பாவுக்குப் போனது.

ஸ்கூட்டரில் திரும்பும்போது பருத்திப்பட்டு வந்ததும் அப்பா வேகத்தைக் குறைத்தார். அப்புறம் மெதுவாக, "ஜெனி, எனக்கு பிளான் போட வராதே," என்றார்.

"நான் பேங்க் எக்ஸாமுக்குப் படிக்கணும்ப்பா."

"எக்ஸாம் எங்கம்மா ஓடிடப் போவுது."

கெடு அத்தோடு ஒழிந்தது. பவுண்டரி வாசலில் வைத்த போர்டில் அப்பா பெயர் பெரிதாகவும் என் பெயர் எறும்பு சைஸிலும் இருந்தது. உள்ளே ஒரே ஒரு தூணைப் பூசாமல் விடச்சொல்லி அவரோடு சண்டை போட்டு ஜெயித்தேன். குடிவந்தவர்கள் அந்தத் தூணின் பக்கத்தில் நின்றுதான் போட்டோ எடுத்தார்கள். அதற்குப் பிறகு நான் கிடங்கு, மில், ஓட்டுக் கொட்டகை என்று எதையும் விட்டுவைத்ததில்லை. இப்போது போர்டில் என் பெயர்தான் பெரிது.

போன வருஷம் ஆவடி சேக்காட்டில் எங்கள் வீட்டுக்கு மாடி எடுத்தோம். ஹாலில் கடைசிச் சுவருக்குக் கொத்தனார் கலவை குழைத்தபோது, "இத்த வுட்டுடுப்பா," என்றார் அப்பா. பூசாமல் விடச்சொல்லி நான் கேட்கவே இல்லை. அன்றைக்கும் அழுதேன், ஆனால் பரணில் ஏறாமல்.

பாதிரியார் வந்து புது மாடியை மந்திரித்துவிட்டுப் போன அடுத்த வாரம், எங்கள் தெருவில் ஒன்றாகக் கூடி ஜெபம் செய்யும் அன்பியத்துக்காரர்கள் நாலு பேர் வந்தார்கள். ரொம்ப நேரம் ஊர்க்கதை பேசிவிட்டு, ஒருவர் தயங்கித் தயங்கி, "தப்பா எடுத்துக்காதீங்கண்ணே, நாங்க எல்லாம் சேந்து நாலு மூட்ட சிமிட்டி..." என்று ஆரம்பித்தார்.

"அட, காசுலாம் கீதுப்பா," என்றார் அப்பா. "பொண்ணு படிச்சிருக்கு."

இப்போதெல்லாம் எங்கள் வீட்டில் தோசை ஒரு பக்கம் வேகாமல் வந்தால்கூட, தட்டை நீட்டியபடி அம்மா சொல்வது அதேதான்: "பொண்ணு படிச்சிருக்கு."