வரிசையின் தலையில் நின்ற நாரை

ஒரு காட்டில் மழை மட்டும்தான் ஒழுங்காக வேலைக்கு வந்துகொண்டிருந்தது. மற்ற எல்லாருக்கும் வேலை போய் வெகுகாலம் ஆகியிருந்தது.

வேல்ஸ் என்பது அந்தக் காட்டின் பெயர். மேற்கே கடல், கிழக்கே பெரிய காடு, நடுவில் மலை. மலை முழுக்கச் செம்மறி ஆடுகள். ஒரு காலத்தில் அந்த மலையின் வயிற்றில் நிலக்கரி இருந்தது. பெருச்சாளிகள் தோண்டின, ஆடுகள் சுமந்தன, பெரிய காடு குளிர்காய்ந்தது. ஒருநாள் பெரிய காடு, இனி போதும் என்று நன்றி சொல்லிவிட்டுச் சுரங்கத்தின் வாயைப் பலகை அடித்து மூடியது. நன்றி சொன்னது மலையில் யார் காதிலும் விழவில்லை. மழைச் சத்தம் அதிகமாக இருந்திருக்கும்.

அந்த ஆடுகளிடம் ஒரு வழக்கம் உண்டு. அங்கே வேலி கிடையாது. குட்டி பிறந்த முதல் கோடையில் தாய் அதைக் கூட்டிக்கொண்டு தன் மேய்ச்சல் நிலத்தைச் சுற்றி வரும். இந்த ஓடை வரைக்கும் நம்முடையது, அந்தப் புதருக்கு அப்பால் அடுத்தவருடையது. பாடம் அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தக் குட்டி கிழடாகிச் சாகும்வரை எல்லையைத் தாண்டாது. அதன் குட்டியும் தாண்டாது.

ஓட்டுப் போடுவதும் அப்படியே. தேர்தலன்று கட்சிக்கு ஒரு கல் நட்டிருப்பார்கள். எந்தக் கல்லோரம் போய் நிற்கிறோமோ அந்தக் கட்சிக்கு ஓட்டு. தாய் நின்ற கல்லில் பிள்ளை நிற்கும். இப்படி நின்று நின்றே, பெருச்சாளிகளின் வளைக் கட்சி நூறு வருஷமாக அந்த மலையை ஆண்டது. தோண்டுவதற்கு ஒன்றும் இல்லாமல் போன பிறகும் ஆண்டது.

இட்வால் என்று ஒரு கிழக் கிடா. அவருக்கு முன்னங்கால் குளம்பில் அழுகல். மழைக் காட்டில் அது சாதாரண வியாதி. சீவி, சுத்தம் செய்து, மருந்து வைத்தால் சரியாகிவிடும். ஆனால் சீவிவிட மலைக்கு ஒரே ஒரு குடிசை, அதில் ஒரே ஒரு டாக்டர். மற்றக் குடிசைகளை வளைக் கட்சி ஒவ்வொன்றாக மூடி, மூடியதற்கு விழாவும் எடுத்துவிட்டது. மிஞ்சிய டாக்டர் ஒரு நாரை. தெற்கே எங்கோ வெயிலடிக்கும் ஏரிக்கரையிலிருந்து வந்தவர். எந்த ஏரி என்று யாரும் கேட்டதில்லை. நீண்ட அலகால் குளம்புக்குள் புகுந்து முள்ளையும் சீழையும் எடுப்பதில் அவருக்கு இணை அந்த மலையில் இல்லை. மலையில் வேறு டாக்டரே இல்லை என்பதும் ஒரு காரணம்.

வரிசை குடிசை வாசலில் தொடங்கி, மூடிய சுரங்கத்தைச் சுற்றிக்கொண்டு, மலைச்சரிவில் இறங்கி மூடுபனிக்குள் போயிற்று. அதன் வால் எங்கே இருக்கிறது என்று பார்க்கப் போனவர்கள் அங்கேயே நின்றுவிட்டார்கள்.

இட்வாலுக்கு அவசரம் இருந்தது. இலையுதிர் காலத்தில் மந்தை பள்ளத்தாக்குக்கு இறங்கும். நடக்க முடியாதவர்களை ஏற்றிக்கொள்ள லாரி வரும். லாரியில் போன யாரும் திரும்பி வந்து பிரயாணம் எப்படி இருந்தது என்று சொன்னதில்லை. போன வருஷம் அவர் மனைவி டில்விஸ் அதில்தான் போனாள். அவளுக்கும் குளம்புதான். அவளும் இதே வரிசையில்தான் நின்றாள்.

குடிசைக் கூரையில் ஓர் ஒலிபெருக்கி. அது தினமும் காலையில் சொல்லும்: "டில்விஸ் அவர்களே, உங்கள் முறை நெருங்குகிறது. உங்கள் பொறுமைக்கு நன்றி."

"கேட்டீங்களா அண்ணே, அண்ணியோட முறை நெருங்குதாம்" என்பாள் பின்னால் நிற்கும் மெரெரிட். பக்கத்து மேய்ச்சல்காரி, வாய்த்துடுக்கு உள்ளவள்.

"அவளுக்கு எப்பவும் அவசரம்" என்பார் இட்வால். "முன்னாடியே போயிட்டா."

பிறகு புல்லைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

ஒருநாள் வளைக் கட்சியின் தலைவர் கிளின் என்ற பெருச்சாளி வரிசையைப் பார்வையிட வந்தார். நல்ல கொழுத்த உடம்பு. பின்னால் இரண்டு பேர் ஒரு பலகையைத் தூக்கி வந்தார்கள்.

"தலைவரே, இன்னொரு டாக்டர் வருவாரா?" என்றார் இட்வால்.

"பெரிய காடு நிதி தரணும். கேட்டிருக்கோம்."

"எப்போ கேட்டீங்க?"

"எங்க தாத்தா கேட்டாரு" என்றார் கிளின் பெருமையோடு. பிறகு பலகையை நடச் சொன்னார். அதில் பெரிய காட்டின் மொழியில் 'காத்திருக்கவும்' என்று எழுதியிருந்தது. மலைமொழிக்காகப் பாடுபடும் வெள்ளாடுகளின் கொம்புக் கட்சி உடனே போராட்டத்தில் இறங்கியது. போராட்டம் வென்றது. அடுத்த வாரத்திலிருந்து ஆடுகள் இரண்டு மொழிகளில் காத்திருந்தன.

வசந்தம் வந்தது. வசந்தத்தோடு குயிலும் வந்தது.

குயிலார் ஆண்டில் பாதி தெற்கே வெயிலில் இருப்பார். மீதிப் பாதியில் பெரும்பகுதியைப் பெரிய காட்டில் கழிப்பார். மலைக்கு வருவது முட்டை போடும் பருவத்தில் மட்டும். அவர் இனத்தில் யாரும் கூடு கட்டிய சரித்திரம் இல்லை. அந்த வருஷம் அவர் வேலிக் கட்சி என்று ஒன்றைத் தொடங்கியிருந்தார். சுரங்க வாயை மூடிய பலகைமேல் உட்கார்ந்து பேசினார். குரல் என்னவோ நன்றாகத்தான் இருந்தது.

"பெரியவரே" என்று இட்வாலைப் பார்த்துக் கேட்டார், "கால் வலிக்கிறதா?"

இட்வால் புல்லிலிருந்து தலையை நிமிர்த்தினார். அந்தக் கேள்வியை டில்விஸ் போன பிறகு யாரும் அவரிடம் கேட்டதில்லை. டாக்டர் கேட்பார்தான், ஆனால் அவரிடம் போய்ச் சேரவே வரிசையில் நிற்க வேண்டும். கிளின் கேட்டதில்லை. ஒலிபெருக்கியும் கேட்டதில்லை.

"வலிக்குது" என்றார்.

"ஏன் வலிக்கிறது?"

"மழைங்க. ஈரத்துல குளம்பு அழுகிப்போச்சு."

"மழை உங்க தாத்தா காலத்திலும் பெய்தது. அப்போ இவ்வளவு பெரிய வரிசை இருந்ததா?"

"இல்லைதான்."

"இந்த வரிசையின் தலையில் நிற்பது யார்? எல்லாரும் எட்டிப் பாருங்கள்."

எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். வரிசையின் தலையில் நாரை நின்றுகொண்டிருந்தது.

"நீங்கள் பிறந்ததிலிருந்து நிற்கிறீர்கள். நேற்று வந்த நாரை உங்கள் எல்லாருக்கும் முன்னால் நிற்கிறது" என்றார் குயிலார். "நான் வேறொன்றும் சொல்லவில்லை. கண்ணால் பார்ப்பதைச் சொல்கிறேன்."

மூடுபனிக்குள்ளிருந்து ஒரு பெரிய உறுமல் எழுந்தது.

"அது டாக்டருங்க" என்றாள் மெரெரிட். "வைத்தியம் பார்க்கறவர் வாசல்லதான் நிப்பார்."

"இதைத்தான் அம்மா அவர்களும் சொல்வார்கள்" என்றார் குயிலார் இரக்கத்தோடு.

"நீங்களே வெளியிலேருந்து வந்தவர்தானே?"

"நான் பிறந்தது இந்த மலையில், ஒரு சிட்டின் கூட்டில்."

"அந்தக் கூட்டுல இருந்த மத்த முட்டைங்க?"

"இடம் போதாமல் கீழே விழுந்துவிட்டன" என்றார் குயிலார். "வெளியிலிருந்து வந்தவன் என்ன செய்வான் என்பதை என்னைவிட நெருக்கத்தில் பார்த்தவர் யாரம்மா?"

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

அன்று மாலை மெரெரிட் இட்வாலிடம் சொன்னாள்: "அண்ணே, உங்களுக்கு முன்னாடி இன்னும் ரெண்டே பேர்தான். அவசரப்பட்டு ஏதாவது பண்ணிடாதீங்க."

"அவர் டாக்டர்னு எனக்குத் தெரியாதா? முன்னொரு தடவை டில்விஸுக்கு முள் எடுத்தவர் அவர்தான்."

"அப்புறம் என்ன?"

இட்வால் யோசித்தார். "குயிலார் கேட்டாரே" என்றார்.

"என்ன கேட்டாரு?"

"கால் வலிக்குதான்னு."

மெரெரிட் கோபமாக ஒரு வாய்ப் புல்லைப் பிடுங்கினாள்.

தேர்தலன்று இட்வாலின் கால்கள் வழக்கம்போல அவரைப் பழைய கல்லுக்கு இழுத்தன. அவர் அம்மா நின்று நின்று அங்கே ஒரு பள்ளமே விழுந்திருந்தது. பள்ளத்தில் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. கல்லின்மேல் கிளின் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். இந்த ஆடுகள் எங்கே போய்விடப் போகின்றன என்ற நிம்மதி முகத்தில் தெரிந்தது. இட்வால் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வாழ்நாளில் முதல் தடவையாக அம்மா காட்டாத பக்கம் திரும்பி, நொண்டி நொண்டி நடந்தார். புதிய கல்லோரம் போய்ச் சேர்ந்தபோது அங்கே நிற்க இடம் இல்லை. மலையில் பாதி அங்கே நின்றது.

வேலிக் கட்சி ஜெயித்தது. வேலி போட்டார்கள். ஆடுகளின் எல்லைகள் ஓடையோடும் பாறையோடும் வளைந்து வளைந்து போகும். குயிலாரோ மேலேயிருந்து பார்த்தவர். நேர்கோடாகப் போடச் சொன்னார். போட்டதும் வெயிலைத் தேடித் தெற்கே பறந்துவிட்டார். கம்பத்தில் ஒரு செல்போனைக் கட்டிவைத்திருந்தார்கள். தினமும் அதில் வந்து, பின்னால் நீலக் கடல் அலையடிக்க, மலையை விட்டு யாரும் வெளியே போக வேண்டிய அவசியமில்லை என்று பேசினார்.

முதல் உத்தரவு நாரைக்கு. அவர் தகராறு செய்யவில்லை. கையிலிருந்த குளம்புக்குக் கட்டுப் போட்டு முடித்தார், குடிசையைப் பெருக்கினார், வேலியைத் தாண்டிப் பறந்தார். வேலி முழங்கால் உயரம்தான்.

மறுநாள் வரிசை ஓர் இடம் முன்னேறியது. இதை வேலிக் கட்சி பெரிய விழாவாகக் கொண்டாடியது. நூறு வருஷத்தில் வளைக் கட்சியால் முடியாதது ஒரே நாளில் நடந்துவிட்டதாகச் செல்போனில் குயிலார் சொன்னார். கணக்குப்படி அது சரிதான்.

இட்வாலுக்கு முன்னால் நின்ற இரண்டு பேர் காலியான குடிசையைப் பார்த்துவிட்டு வீடு திரும்பினார்கள். இட்வால் வரிசையின் தலைக்கு வந்தார். அந்த இடத்துக்காக அவரும் டில்விஸும் எவ்வளவு ஏங்கியிருப்பார்கள். உள்ளே எட்டிப் பார்த்தார். ஒரு துடைப்பம் இருந்தது.

"டில்விஸ் அவர்களே, உங்கள் முறை வந்துவிட்டது" என்றது ஒலிபெருக்கி.

இட்வால் வாசலில் அப்படியே நின்றார். தலையில் நிற்பவரை விட்டால் வேறு யாரிடம் காட்டுவது என்று பின்னால் இருந்தவர்கள் அவரிடமே குளம்பை நீட்டினார்கள். தூரத்தில் மூடுபனிக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது: "வரிசையோட தலையில நிக்கிறது யாரு? நம்ம ஆளா?"

வேலிக் காவல் நாய் மோப்பம் பிடித்துக்கொண்டு வந்தது.

"பிறந்த இடம்?"

"அதோ, நம்ம மலை ஏரிக்கரைப் பாறை."

நாய் திரும்பிப் பார்த்தது. நேர்கோட்டு வேலி பாறைக்கு ஓர் ஆட்டுநீளம் இந்தப் பக்கமாகவே போயிருந்தது. பாறை வெளியே இருந்தது.

"அப்போ நீங்க வெளியாள்."

"நான் பிறந்தப்போ வேலியே இல்லையேப்பா."

"இப்போ இருக்கே" என்றது நாய்.

"அண்ணே, நீங்க போய் நின்ன கல்லு குடுத்தது இதுதானே" என்றாள் மெரெரிட், நாய் அவரை வேலிக்கு வெளியே தள்ளும்போது. ஆனால் அவள் கண் கலங்கியிருந்தது. இலைகள் பழுக்கத் தொடங்கியிருந்தன. லாரி வரும் காலம்.

வெளியே ஏரிக்கரையில் நாரை ஒற்றைக்காலில் நின்று மீன் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாங்க இட்வால். காலைக் காட்டுங்க."

"வரிசை எங்கே டாக்டர்?"

"நீங்கதான்."

அலகு உள்ளே போயிற்று, வெளியே வந்தது. மருந்து வைத்துக் கட்டினார். இட்வால் ஏரியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "டாக்டர், நான் அந்தக் கல்லோரம்தான் நின்னேன்."

"தெரியும். குடிசை வாசல்லேருந்து கல் நல்லாத் தெரியும். இந்தக் காலோட அவ்வளவு தூரம் நடந்திருக்கக் கூடாது. அதான் ஆழமாப் போயிருக்கு."

காயம் ஆறியது. லாரி அந்த வருஷம் வேலிக்கு உள்ளேதான் வந்தது, நிறையப் பேரோடு போயிற்று. இட்வால் வேலிக்கு வெளியே தன் நான்கு கால்களில் பள்ளத்தாக்குக்கு இறங்கிப் போனார். எல்லாரிடமும் சொன்னார்: "வேலி போட்டாங்க, என் கால் சரியாப்போச்சு. குயிலார் சொன்னதைச் செஞ்சாரு."

குளிர்காலம் முழுக்க வேலி உள்பக்கமாக நகர்ந்தது. வரிசை குறையாததால் வெளியாட்களைக் கண்டுபிடித்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. தள்ளப்பட்டவர்கள் ஒவ்வொருவராக ஏரிக்கரைக்கு வந்தார்கள். மெரெரிட்டும் வந்தாள். வசந்தத்துக்குள் நாரையின் முன்னால் ஒரு வரிசை உருவாகி, ஏரியைச் சுற்றிக்கொண்டு மூடுபனிக்குள் போயிற்று.

மலையேறி வந்த இட்வாலுக்கு இப்போது பின்னங்காலில் லேசாக ஒரு குடைச்சல். வரிசையைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கியது.

"யாரு டாக்டர் இவங்கல்லாம்? நான் இந்தப் பாறையில பிறந்தவன். இவங்க வேலிக்கு உள்ளேருந்து வந்த வெளியாளுங்க."

"உங்க பக்கத்து மேய்ச்சல்காரங்கதான்."

"ஒரு சின்ன வேலி போட்டா என்ன?"

நாரை மெரெரிட்டின் குளம்பிலிருந்து அலகை எடுத்தார். "போடலாம். அதுல நான் எந்தப் பக்கம்?"

இட்வால் யோசித்தார். நியாயமான கேள்வியாகத்தான் பட்டது.

"குயிலார் வந்ததும் கேட்டுச் சொல்றேன்" என்றார்.

நீதி: காலைக் குணமாக்கியவரை மறந்துவிடலாம், கால் வலிக்கிறதா என்று கேட்டவரைச் சாகும்வரை மறக்கக் கூடாது.